ஒன்பது ஜன்னல்களின் போர்

“ஜன்னலைச் சுத்தி அடிக்கிற நாலு விரல் பலகைக்கா புருஷனும் பொண்டாட்டியும் நாலு நாள் பேசாம இருந்தாங்க?” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். நாலு விரல் பலகையாம்! கேட்டவருக்குப் போர் என்றால் என்னவென்று தெரியவில்லை.

வாழ்க ரெய்னோ கார்வனென்! கடல்போல் விரிந்த பேரேரியின் தென்கரைக் காவலன், இருபத்தாறு கோடைகள் தூரிகை ஏந்திய தோளன், ஒன்பது ஜன்னல்களுக்கும் வெண்ணிறம் சாத்திய வேந்தன், எழுபத்து மூன்றாம் வயதிலும் ஏணியின் உச்சிப்படியையே அரியணையாகக் கொண்ட பெருமான், வாழ்க!

அக்டோபர் மாதம். உளுத்துப்போன சுவர்ப்பலகைகள் பெயர்க்கப்பட்டு, கவசம் களைந்த வீரனைப்போல் வீடு வெள்ளைத் தாள் போர்த்தி நின்றது. முதலில் ஜன்னலைச் சுற்றிய சட்டப்பலகை, அதன் பிறகே புதிய சுவர்ப்பலகை என்பது வீட்டைப் பழுதுபார்க்க வந்த தச்சன் டுவேனின் தொழில் முறை. அவன் சட்டப்பலகைக்கு இரண்டு மாதிரிகளைப் புல்தரையில் வைத்தான்: ஒன்று தேவதாரு, மற்றொன்று பிளாஸ்டிக்.

“எதுன்னு சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே ஆரம்பிச்சுடலாம் பெரியவரே. பனி வரப்போகுது.”

ரெய்னோ தேவதாருவை எடுத்து முகர்ந்து, திசைகள் எட்டும் கேட்க முழங்கினான்: “மரம் இல்லாதது ஜன்னலே இல்ல. அது தயிர் டப்பா!”

“தயிர் டப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்க எவனும் ஏணி ஏற மாட்டான்,” என்றாள் அவன் மனைவி மார்லிஸ். போன ஜூலையில் வேந்தன் அரியணையிலிருந்து வழுக்கிப் பூச்செடிமேல் விழுந்து, இரண்டு விலா எலும்புகளை முறித்துக்கொண்டதை அவள் மறக்கவில்லை. மரம் என்றால் பெயிண்ட். பெயிண்ட் என்றால் ஏணி. இனியொரு வீழ்ச்சியைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

நான்கு நாள் மௌனப்போர். ஏலக்காய் ரொட்டி மேசையில் வந்து விழுந்தது, காப்பி ஆறியது, சொல் ஒன்றும் வரவில்லை. ஐந்தாம் நாள், சனிக்கிழமைப் பிற்பகல், அவர்கள் குலத்தார் உடலையும் மனத்தையும் கழுவும் நீராவி அறையில் அடுப்பு மூட்டப்பட்டது. இரு பலகைகளையும் அக்கினிப் பரீட்சைக்கு உள்ளே அழைத்துச் சென்ற நீதிமான் ரெய்னோ, பிளாஸ்டிக்கைக் அடுப்பின்மேல் தகிக்கும் கற்களை ஒட்டியும், தேவதாருவைக் கதவிடுக்கின் குளிர்காற்றிலுமாக நடுநிலை வழுவாது நிறுத்தினான்.

அரைமணி கழித்துக் கதவு திறந்தது. இடையில் ஒரு துண்டு, உடலெங்கும் ஆவி, கையில் பகைவனிடம் பறித்த வில்லைப்போல் வளைந்த பிளாஸ்டிக்!

“பாருங்க எல்லாரும்! இதுதான் இவங்க கொண்டாடுற பலகை!”

“உங்க சுவர்மேல யாரும் அடுப்பு மூட்டப் போறதில்லையே பெரியவரே,” என்றான் முடிவு கேட்க வந்திருந்த டுவேன்.

மார்லிஸ் வாதாடவில்லை. “சரி, நீயே ஜெயிச்ச. மரமே இருக்கட்டும். இனிமே பெயிண்ட் நான் அடிக்கிறேன்,” என்று சொல்லி, சுவரில் சாய்ந்திருந்த ஏணியில் ரப்பர் பூட்ஸோடு ஏறத் தொடங்கினாள். அறுபத்தொன்பது வயதில் ஏழாம் படியை எட்டினாள். ஏணி நடுங்கியது.

வில்லை எறிந்துவிட்டு ஓடினான் வீரன். ஒரு கையால் ஏணியையும் மறுகையால் துண்டையும் பற்றி, மானமும் உயிரும் ஒருங்கே ஊசலாட, அவள் பூட்ஸின் அடியை அண்ணாந்து பார்த்தான். இருபத்தாறு கோடைகளாக அவள் நின்ற இடம் அது. அவன் அங்கே நிற்பது இதுவே முதல் தடவை.

“இறங்கு மார்லிஸ்.”

“மேல் ஜன்னலைத் தொட்டுப் பாத்துட்டு வரேன். நீ கெட்டியா புடி.”

“வேணாம்... இறங்குன்னா இறங்கு!”

“எந்தப் பலகைன்னு சொல்லு, இறங்குறேன்.”

பேரேரிக் காற்று ஊளையிட்டது. துண்டு கொடிபோல் படபடத்தது. காட்ட ஒரு கையும் மிச்சமில்லாத மாவீரன், புல்லில் வளைந்து கிடந்த பிளாஸ்டிக்கை நோக்கித் தன் தாடையை மெல்ல, மிக மெல்ல நீட்டினான்.

மார்லிஸ் இறங்கி வந்ததும் ரெய்னோ துண்டை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான்.