என் உடம்புக்கு நெய் ஆகாதாம்!

திருவள்ளூர்,
14-9-1973

பள்ளிப்பட்டில் எழுந்தருளியிருக்கும் அத்திம்பேர் மணவாளன் ஸ்வாமி திருவடிகளுக்கு, மைத்துனன் யதிராஜன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னையும் சேர்த்துத்தான். என் ஆத்துக்காரி அரவிந்தவல்லி போட்ட கார்டைப் படித்துக் கலங்கியிருப்பீர்கள். நடந்ததை நானே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமாகக் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவன் நான். போன வருஷம் தையில் அக்காரவடிசில் அடிப்பிடித்துக் கருகிவிட்டது. பக்கத்தில் நின்று கிளறிய எனக்குத் தெரியவேயில்லை. பட்டர் ஸம்பத்குமார் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, "ஓய், இந்தக் கருகல் வாசனை உமக்கு வரலையா?" என்றார். "உம்ம மூக்குலதான் ஏதோ கோளாறு" என்று அடித்துச் சொன்னேன். அடுத்த வாரம் செருப்பு ஒன்று வழியில் கழன்றது தெரியாமல், மறுகால் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். கால் அப்படி மரத்திருந்தது. பிறகு ஒருநாள் பொழுது சாய்கிற வேளையில், காவி உடுத்திய பெரியவர் யாரோ நிற்கிறார் என்று நடுத்தெருவில் விழுந்து சேவித்தேன். ரிக்‌ஷா துலுக்காணம், "இன்னா சாமி, தபால் பெட்டியாண்ட வுயுந்து கும்புட்டுக்கினு கீற?" என்றான். "நல்ல சேதி வரட்டும்னுதான்" என்று கம்பீரமாகச் சொல்லி எழுந்தேன்.

அதோடு அரவிந்தவல்லி என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் குணசுந்தரி, மீஞ்சூர்க்காரர், என் ரத்தத்தைச் சீமைக்கு அனுப்பி, நாலு மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சொன்னார்: "நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லும் கொழுப்பைத் துண்டு துண்டா நறுக்கி எரிச்சுடும். பசு தின்ன பச்சைப்புல்லுலேர்ந்து பாலுக்கும் நெய்க்கும் வர்ற ஒரு கொழுப்புல மட்டும் கிளை ஒண்ணு நீட்டிக்கினு இருக்கும். அதைத் தாண்டி நறுக்கற கத்தி உங்க உடம்புல பிறவியிலேயே இல்ல. எரியாத கொழுப்பு நரம்புல, கண்ணுல, மூக்குல போய்த் தேங்குது. நெய், பால், தயிர் எல்லாம் இன்னையோட நிறுத்துங்க."

"பெருமாளுக்கு ஆகிற நெய் எனக்கு ஆகாதா?"

"பெருமாளுக்குத் தாராளமா ஊத்துங்க ஐயங்காரே. நீங்க சாப்பிடாதீங்க."

தேங்கினதை எரித்துவிட்டால் போயிற்று என்று தீர்மானித்தேன். டாக்டரைக் கேட்கவில்லை. ஏகாதசியில் தொடங்கி ஆறு நாள் வெறும் துளசி தீர்த்தம். ஏழாம் நாள் எழுந்து நிற்க முடியவில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "பட்டினி கிடக்கச் சொன்னது யாரு? உடம்புக் கொழுப்பு கரைஞ்சா, அதுல அடைஞ்சிருந்ததெல்லாம் ரத்தத்துல இறங்காதா? வயிறாரச் சாப்பிடுங்க! நெய்தான் கூடாது!" என்று டாக்டர் கத்தினார். அரவிந்தவல்லி அழுதாள். நான் அழவில்லை, கண்ணில் நீர் மட்டும் வந்தது.

இப்போது எட்டு மாதமாக நல்லெண்ணெய்ச் சாதம். கால் நன்றாக ஊன்றுகிறது. வாசனை இன்னும் வரவில்லை, வந்துவிடும். நோய் ஓடிவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். புரட்டாசியில் மடைப்பள்ளிக்குத் திரும்புகிறேன். அன்றே நெய்யும் ஆரம்பம். அப்பா சொந்த அக்கா மகளைக் கட்டிக்கொண்டவர், அதனால் என் கூடப்பிறந்தவளுக்கும் இது இருக்கலாமாம். டாக்டர் சொன்னதை நம்ப வேண்டாம். அக்காவிடம் சொல்லிக் கலக்கவும் வேண்டாம்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். அக்காவுக்குத் தெண்டன்.

அடியேன்,
யதிராஜன்

பி.கு.: உறையை ஒட்டப்போன அரவிந்தவல்லி கேட்டாள்: "ஆடியில உங்கக்கா வந்திருந்தப்போ பால் பொங்கித் தீய்ஞ்சு தெருவெல்லாம் நாறித்தே. அவ அடுப்பண்டை உட்கார்ந்து பூத்தொடுத்துண்டே இருந்தாளே, ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவன் நான்தான். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். புதன்கிழமை முதல் பஸ்ஸில் அக்காவை அழைத்து வாருங்கள்; டாக்டரிடம் நானே கூட்டிப்போகிறேன். நோய் கண்ணைத் தொடுவதற்குள் பிடித்தால் நிறுத்திவிடலாமாம். அதுவரை அவள் இலையில் நெய் விடாதீர்கள். கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும்.