டெரிக் சாருக்குப் பூக் கேட்ட வெள்ளிக்கிழமை

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று திருப்பூரில் நின்றுகொண்டு, இங்கிலாந்தில் ஒரு மாவட்ட கவுன்சில் தேர்தலில் நின்ற மனிதரைத் தோற்கடிக்க முடியுமா?

முடியாது என்கிறார் என் கணவர். நான் பி.காம். படித்தவள், சாதாரண நேரத்தில் கேட்டால் நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் கரண்ட் போனதும் எங்கள் தெருவிலுள்ள அத்தனை மிஷின்களும் ஒரே மூச்சில் நின்று, காதை அடைத்துக்கொண்டதுபோல ஓர் அமைதி வரும். அந்த நேரத்தில் யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. நாலு வருஷமாகத் தெரியவில்லை.

அப்போது நான் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன் (இன்னும் அங்கேதான் இருக்கிறேன், அதுவே கதை). சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று, அங்கிருந்து வரும் கோபத்தை மரியாதையான தமிழிலும், இங்கிருந்து போகும் பொய்யை மரியாதையான ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுக்கும் வேலை. குழந்தை பிறந்தபின் நான் வேலைக்குத் திரும்பியதில் என் மாமியாருக்கு இஷ்டமில்லை. "அந்த இங்கிலீசுக்காரன் ஆர்டர் இருக்கற வரைக்கும் போயிட்டு வா கண்ணு. அது நின்னுச்சுன்னா நீயும் ஊட்டுலயே நின்னுக்கோ" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அந்த இங்கிலீஷ்காரர்தான் டெரிக் சார். என் கையில் இருந்த ஒரே பையர். பள்ளிக்கூட விளையாட்டு பனியன்களை வாங்கி விற்பவர், அறுபதைத் தாண்டியவர். என் மகள் நிவி பிறந்தபோது ஒரு கம்பளிக் குல்லாய் அனுப்பினார். திருப்பூர் வெயிலில் அதைப் போட்டால் குழந்தை வெந்துவிடும் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. போட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு உடனே கழற்றிவிட்டேன்.

ஒருநாள் அவர் தம் முகத்தையே அச்சடித்து டி-சர்ட் வேண்டும் என்று மெயில் அனுப்பினார். மாவட்ட கவுன்சில் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறாராம். எங்கள் முதலாளி கந்தசாமியண்ணன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். திருப்பூர் அப்போது தனி மாவட்டம் ஆகியிருக்கவில்லை.

"மாவட்டமா? நாமளே இன்னும் கோயமுத்தூர் மாவட்டத்துல ஒட்டிக்கிட்டுக் கெடக்கறோம். அவருக்கு ஒரு மாவட்டமே கைக்கு வருதா! என்ன சின்னமுங்க அம்மிணி?"

"சின்னமெல்லாம் இல்லீங்கண்ணா. பேரு மட்டுந்தானுங்க."

"சின்னம் இல்லாம சனங்க எதப் பாத்துக் குத்துவாங்க? செரி, என்ன பண்றேன்னு சொல்றாரு?"

"குப்பை வண்டி வாராவாரம் வரோணும்னு சொல்றாருங்க. அப்பறம் கார் நிறுத்தறதுக்குக் காசு கூடாதாம்."

அண்ணன் அதை நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். டெரிக் சார் ஜெயித்தால் அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூட யூனிபார்ம் மொத்தமும் நமக்குத்தான் என்று அன்றே கணக்குப் போட்டு, புது மிஷினுக்கு இடம்கூடப் பார்த்து வைத்தார்.

நான் உண்மையிலேயே மறைத்தது வேறு. அதற்கடுத்த வாரம் டெரிக் சார் எனக்கு எழுதியிருந்தார்: "நான் ஜெயித்தால் வியாபாரத்தை மைத்துனரிடம் கொடுத்துவிடுவேன். அவர் வேறு நாட்டில் வாங்குகிறவர். மன்னித்துவிடு சுமதி." இதை அண்ணனிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆக, எங்கள் வார்டு கவுன்சிலர் பெயரைக்கூடச் சரியாகத் தெரியாத நான், ஏழு கடல் தாண்டி ஒரு நல்ல மனிதர் தோற்கவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். வேண்டி முடித்ததும் கம்பளிக் குல்லாய் ஞாபகம் வரும். உடனே வேண்டுதலை வாபஸ் வாங்குவேன். முருகன் எவ்வளவு குழம்பியிருப்பாரோ தெரியாது.

டி-சர்ட்டுகள் நல்லபடியாக விமானத்தில் போயின. ஒரு பகுதி மட்டும் ரிஜெக்ட் ஆனது. அச்சடிக்கும் ஸ்கிரீனில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்து, டெரிக் சாரின் இடது கண்ணுக்குக் கீழே மை ஒரு கோடாக இறங்கியிருந்தது. உதட்டில் சிரிப்பு, கன்னத்தில் கண்ணீர். பிரிண்டிங் ஹாலில் கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஓட்டு எண்ணிய வெள்ளிக்கிழமை மாமியார் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணச் சீருக்குப் போய்விட்டார். நிவியைக் கம்பெனிக்கே தூக்கிக்கொண்டு போனேன். மத்தியானத்துக்கு மேல் கரண்ட் போனது. மிஷின்கள் நின்ற அந்த அமைதியில்தான், என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தவளைக் காணோம் என்று தெரிந்தது.

லிஃப்ட் குழி, சாயத் தொட்டி, வாசலில் லாரி என்று ஒரு தாய்க்கு வரக்கூடிய அத்தனை நினைப்பும் வந்து முடிந்தபின் பிரிண்டிங் ஹாலுக்கு ஓடினேன். அரையிருட்டு. வரிசை வரிசையாக டெரிக் சார். அத்தனை முகங்களுக்கு நடுவில், ஒரே ஒரு முகத்தின்முன் நிவி நின்றுகொண்டு, தன் கவுன் நுனியால் அதன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா அழுவுது" என்றாள்.

"அது மை, கண்ணு."

"இல்ல. அழுவுது. தொடச்சேன். போவல."

பின்னால் வாசலிலிருந்தே கட்டிங் மாஸ்டர் அந்தோணியின் குரல் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், எதற்கும் அசராதவர். "பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க தாயி. எந்தப் பக்கம் நின்னாலும் அந்த மனுசன் நம்மளத்தான் பாக்காரு. நானே இன்னைக்கு அங்குட்டுப் போகல" என்றார்.

அதே நேரத்தில் அண்ணன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். "குழந்த இருக்குதா? நல்லதாப் போச்சு. வாங்க, முருகங்கிட்டப் பூக் கேட்டுப்போடலாம்."

எங்கள் பக்கம் பெண் பார்ப்பதா, கிணறு வெட்டுவதா என்றால் முதலில் சாமியிடம் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்துக் கட்டி சாமி காலடியில் வைப்பார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்று எடுக்கும். வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும், சிவப்பு வந்தால் நடக்காது. ஒரு காரியத்துக்கு ஒரு தடவைதான் கேட்கவேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

கம்பெனிக்கு எதிரிலேயே சின்ன முருகன் கோயில். தெரு முழுக்கச் சத்தமே இல்லை. பூசாரி பொட்டலங்களை வைத்தார். அண்ணன் கண்ணை மூடி, "டெரிக் சார் ஜெயிக்கோணும்" என்று உரக்கவே சொன்னார். நிவி யோசிக்கவே இல்லை. எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

பூ பூசாரி கையில் இருக்கும்போதே அண்ணனின் செல்போன் அடித்தது. டெரிக் சார். முடிவு தெரிந்ததும் முதலில் எங்களுக்குத்தான் சொல்லவேண்டும் என்று அண்ணன் என்னைக்கொண்டு எழுதவைத்திருந்தார். போனை நான்தான் வாங்கிப் பேசினேன்.

"ஒரு ஓட்டு முன்னால இருக்காராமுங்கண்ணா. ஒரே ஒரு ஓட்டு."

"முருகா!"

"ஆனா எதிராளி ஒத்துக்கலியாம். மறுபடியும் எண்ணறாங்களாம்."

"எத்தன தடவ எண்ணுனாலும் ஓட்டு அதேதானுங்களே!" என்று சிரித்துவிட்டு, போனை என்னிடமே விட்டு, அண்ணன் பட்டாசு வாங்கப் போய்விட்டார்.

நான் கோயிலுக்குள் நின்றேன். என் வேலை போய்விட்டது. மாமியார் ஊரிலிருந்து வந்ததும் நான் ஊட்டுல நின்றுகொள்ளவேண்டியதுதான். அப்போது ஒரு கேவலமான யோசனை வந்தது. அங்கே சட்டப்படி மறுபடியும் எண்ணுகிறார்கள் என்றால், இங்கே மறுபடியும் ஒருமுறை கேட்டால் என்ன?

"பூசாரிங்க... இன்னொருக்கா வெச்சுப் பாக்கலாங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமி சொன்னதுக்கு அப்பறமுங்களா அம்மிணி? அது அடுக்காதுங்க."

"குழந்தை சரியா எடுத்தாளான்னு ஒரு சந்தேகமுங்க."

முணுமுணுத்துக்கொண்டே வைத்தார். நிவி கையை நீட்டி ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். எனக்கு என்ன ஆனதோ, "நல்லாப் பாத்து எடு, கண்ணு" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கையை எடுத்தாள். மற்றதை எடுத்தாள்.

செவ்வரளி.

அவள் அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்ட அந்த நொடியில் கரண்ட் வந்தது. தெருவின் இரண்டு பக்கமும் அத்தனை மிஷின்களும் ஒன்றாக உயிர் பெற்று உறும ஆரம்பித்தன. கரண்ட் வருவது திருப்பூரில் பெரிய அதிசயம் இல்லைதான். ஆனாலும்.

அண்ணன் இரண்டு பெரிய சரவெடிகளோடு வந்தார். ஒன்றைக் கொளுத்தினார். கம்பெனியே வாசலுக்கு வந்துவிட்டது. வெடி ஓயும் நேரத்தில் மறுபடி போன். காதில் வைத்தேன். மறுபடி எண்ணியதில் இருவருக்கும் சமமான ஓட்டாம். அந்த ஊர் வழக்கப்படி சீட்டு எடுத்தார்களாம். "தோற்றுவிட்டேன் சுமதி" என்றார்.

புகைக்கு நடுவில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் சொன்னேன். அண்ணனின் முகம் தொங்கிப்போனது. "வெள்ளப் பூ வந்துச்சுங்களே?"

பூசாரி பொறுப்பானவர். "அம்மிணி ரெண்டாந் தடவ கேட்டாங்க சாமி. செவப்பு வந்துருச்சு" என்றார். ஊர்ஜிதம் செய்வதுபோல் நிவி கையை விரித்துக் காட்டினாள்.

"ஏனுங்க அம்மிணி, அந்த மனுசன் உங்களுக்கு என்ன பண்ணுனாருங்க?"

அத்தனை பேர் முன்னாலும் நான் அழுதுகொண்டே சொன்னேன். "அவரு ஜெயிச்சா ஏவாரத்த மச்சானுக்குக் குடுத்துருவாருங்கண்ணா. நம்ம ஆர்டரே போயிருமுங்க. மெயில் வந்துச்சுங்க, சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

அண்ணன் புது மிஷினை மனசுக்குள் திருப்பி அனுப்பினார் என்று நினைக்கிறேன். பிறகு குனிந்து, மிச்சமிருந்த சரத்தை நிதானமாகப் பிரித்துப் போட்டு, கொளுத்திவிட்டார்.

போன் என் கையில் இன்னும் உயிரோடு இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

"சுமதி? அது என்ன சத்தம்?" என்று கேட்டது டெரிக் சாரின் குரல்.

பி.காம். படித்த மூளை சொன்ன பதில்: "இடி, சார். இங்கே பெரிய மழை."

மே மாதம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. "இங்கேயும் மழைதான். காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் அவர். அதற்குப்பின் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. வெடிச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என் இடுப்பில் இருந்த நிவி போனைத் தொட்டுப் பார்த்தாள்.

சில வாரம் கழித்து அவர் விவரமாக எழுதினார். இருவர் பெயரையும் எழுதி இரண்டு உறைகளில் போட்டு மேஜையில் வைத்தார்களாம்; எடுத்த உறையில் யார் பெயரோ அவர் ஜெயித்தவர். எடுக்கவேண்டிய அதிகாரி ஓர் அம்மாள். "வேடிக்கை என்ன தெரியுமா? அந்த அம்மாள் முதலில் என் பெயர் இருந்த உறையைத்தான் தொட்டார். யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்து, மற்றதை எடுத்தார்." அந்த மெயிலைப் படித்துவிட்டு நான் தண்ணீர் குடித்தேன். எத்தனை டம்ளர் என்று ஞாபகமில்லை.

என் வேலை நிலைத்துவிட்டது. அந்தச் சம்பவமும் நிலைத்துவிட்டது. எங்கள் வீட்டில் நிவிக்குப் பெயரே 'தேர்தல் அதிகாரி'. இடி இடித்தால் என் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "யாரோ தோத்துட்டாங்க போல" என்பார். போன உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளர் வாழைப்பழச் சீப்போடு வந்து, "பாப்பாவ ஒண்ணும் எடுக்க வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு போனார். ரிஜெக்ட் டி-சர்ட்டுகளைத் தெருவே போட்டுத் தேய்த்தது. மொட்டை மாடிக் கொடிகளில் இன்னும் எங்காவது டெரிக் சார் அழுதுகொண்டு காய்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மே மாதம் டெரிக் சார் மறுபடியும் நிற்கிறார். மைத்துனரோடு சண்டை, அதனால் ஜெயித்தாலும் தோற்றாலும் ஆர்டர் எங்களுக்குத்தான் என்று எழுதிவிட்டார். இந்தத் தடவை அவர் ஜெயிக்கவேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன். வாபஸ் வாங்கவே இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் வீட்டில் தரை துடைக்கப் பழந்துணியாக அந்த டி-சர்ட் ஒன்று கிடக்கிறது. நிவிக்கு இப்போது ஆறு முடிந்துவிட்டது. பூக் கேட்ட கதை அவளுக்குத் தெரியும், ஊருக்கே தெரியுமே. ஆனால் காருக்குள் கேட்ட அந்தச் சத்தத்தை நான் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடம்கூட. டெரிக் சார் மறுபடி நிற்பதையும் வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவள் அந்தத் துணியை எடுத்து, விரித்து, கன்னத்தைத் தன் கவுன் நுனியால் துடைத்தபடி சொன்னாள்:

"அம்மா, தாத்தா இந்த வாட்டி கார்ல..."

அப்போது பார்த்துக் கரண்ட் வந்தது. பக்கத்து மிஷின்கள் எல்லாம் உறும ஆரம்பித்துவிட்டன. மிச்சம் என் காதில் விழவில்லை. அவள் துணியைப் போட்டுவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சிரித்துக்கொண்டே போவாரா, அழுதுகொண்டா? அவளிடம் கேட்டால் சொல்லிவிடுவாள். ஆனால் அது இரண்டாம் தடவை கேட்பதாகாதா? ஆகும் என்றால் கேட்காமலே விட்டுவிடுகிறேன். ஆகாது என்றால் கேட்கிறேன். குழந்தை வளர்த்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் சொல்லுங்களேன். ஓட்டு எண்ணுவதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.