மூளைக்காரர் மகளைத் தனியாக பஸ் ஏற்றினார்

விழுப்புரம் மூளைக்காரரிடம் ஒரு மாதம் வேலை பார்த்தவனை எந்த நரகத்துக்கு அனுப்பினாலும், "பரவாயில்லை, காற்றோட்டமாக இருக்கிறது" என்றுதான் சொல்வான்.

ஜங்ஷன் எதிரே அவருக்கு டீக்கடை. நான் அங்கே கிளாஸ் கழுவினேன். அடுப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டேன். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா ஆறாவது படித்தாள். தாயில்லாத பெண் எதற்கும் உடையாமல் வளர வேண்டும் என்பதற்காக, மூளையைப் பலப்படுத்தும் வித்தையில் பாதியை ஊர்க்காரர்களிடமும் மீதியை செல்போன் வீடியோவிலும் கற்றிருந்தார். காலையில் கேப்பைக்கூழ், மாலையில் நரம்புப் பாடம்.

என்னையும் விடவில்லை. காலில் வெந்நீர் கொட்டி நான் துடித்தால், "கத்தாதடா, வலிய கவனி. மூளைல புது ரோடு போட்டுக்கினு இருக்காங்க" என்பார்.

"ரோட்ட அப்புறம் போடலாம், மொதல்ல டீய போடுய்யா, ரயிலு போய்டும்!" என்று வாடிக்கையாளர்கள் கத்துவார்கள்.

ஒருநாள் அறிவித்தார்: "பயத்தப் பழகணும். ஸ்டெல்லா தனியா கிளியனூர் அத்த ஊட்டுக்குப் போப்போறா."

திண்டிவனத்தில் இறங்கி பாண்டி பஸ் மாற வேண்டும். அவளிடம் போன் கிடையாது.

"சின்னப் பொண்ணுண்ணே" என்றேன்.

"நீ ஒம்பது வயசுல தனியா லாரி ஏறுனவன்தானே? செத்தா போய்ட்ட?"

சாகவில்லை. ஆனால் அவர் கணக்குப்படி என் மூளை இந்நேரம் பூசணிக்காய் அளவு இருக்க வேண்டும். நான் அஞ்சாவதைத் தாண்டவில்லை.

ஸ்டெல்லா கையாட்டிவிட்டுப் போனாள். பஸ் மறைந்ததும் மூளைக்காரர் அடுப்பை அணைத்தார்.

"அடுத்த பஸ்ல ஏறுடா. ஜல்தி!"

விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் நின்ற லாரிகளையெல்லாம் திட்டினார். "பேஜாரு பண்ணாதீங்க. எறங்கித் தள்றீங்களா?" என்றார் கண்டக்டர்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவள் இல்லை. பாண்டி போகும் பஸ் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினோம். கடை கடையாகக் கேட்டோம். கடைசியில் மூளைக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்டா அனுப்பிட்டேன்... நான்தான்டா..." என்று விம்மினார். நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அவர் போன் அடித்தது. நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். கிளியனூரிலிருந்து அவருடைய அக்கா.

"டேய், பொண்ணு வந்து மல்லாட்டை உரிச்சித் தின்னுக்கினு இருக்கா. எறங்குன ஒடனே பாண்டி பஸ்ஸு நின்னுச்சாம், ஏறிட்டாளாம். நீ எங்கடா இருக்க?"

அடுத்து ஸ்டெல்லா. "அப்பா, அங்க யாரு அழறது?"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவன்தாம்மா. பயந்தாங்கொள்ளி. நீ தொலைஞ்சுட்டேன்னு நெனச்சிக்கினான்."

வெந்நீர்ப் புண்ணுக்கும் சேர்த்து அத்தனை வசவும் என் நாக்கு நுனிக்கு வந்தது.

"ஆமா பாப்பா, நான்தான் அழுதேன்" என்றேன். பெற்ற மகளிடம் அந்த ஆளை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.