பத்ரியின் ஞாயிற்றுக்கிழமை ஆடிட்

பொய் சொல்ல வராதவன் சொல்லக் கூடாது. பத்ரிக்குச் சுத்தமாக வராது. ஆனாலும் சொன்னார், தோசையைப் பார்த்துக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல ஆடிட் இருக்கு."

வைதேஹி அடுப்பைச் சின்னதாக்கினாள். "ஞாயித்துக்கிழமையா?"

"ஸ்பெஷல் ஆடிட்."

"போன வாரமும் இருந்துதே."

"அது சாதா ஆடிட்."

"அச்சா" என்றாள் வைதேஹி. அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட பத்ரிக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்த 'அச்சா'வை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

உண்மை இதுதான். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருக்கும் பத்ரி, ஐம்பது வயதில் சினிமா ஹீரோ ஆகிவிட்டார். டில்லி முனிர்காவில் இருந்துகொண்டு கல்யாண வீடியோ எடுக்கிற கிளமெண்ட், தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்காக ஒரு காதல் காமெடி எடுக்கிறான். கறுப்பு வெள்ளை. பழைய பாட்டுப் படங்கள் மாதிரி. மரம், மலர், ஓட்டம், எல்லாம் உண்டு. காசு மட்டும் கிடையாது.

"ஏன்ப்பா நான்?" என்று பத்ரி கேட்டதற்கு அவன் ஒளிக்காமல் சொன்னான்.

"அந்தக் காலத்து ஹீரோவுக்கெல்லாம் தொப்பை உண்டு சார். உங்களுக்கு ரெடியா இருக்கு."

இதை வீட்டில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? முடியாது. போன வருஷம் இதே சங்கம் வைதேஹியைப் பாடக் கூப்பிட்டது. நாலு பேர் நடுவில் பத்ரி எழுந்து, "மேடையேறிக் கூத்தடிக்கறதெல்லாம் எங்காத்துக்கு ஒத்துவராது" என்று சொல்லிவிட்டார். வீட்டிலும் அப்படித்தான். அவள் சமையலறையில் வாயைத் திறந்தால், இவர் ஹாலிலிருந்து, "நியூஸ் கேக்கல, கொஞ்சம் நிறுத்து" என்பார். இப்போது அதே ஆள் கல்யாண ரிசப்ஷன் கோட்டைப் போட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றுகிறார் என்று தெரிந்தால் என்ன ஆகும்?

ஆனால் ஹீரோ வேஷத்தை விடவும் மனசு வரவில்லை.

ஷூட்டிங் சரோஜினி நகர்ப் பக்கம் ஒரு பூங்காவில். கனவுக் காட்சிக்குப் புகை வேண்டும். நவம்பர் மாத டில்லி அதை இலவசமாகவே கொடுத்தது. எதிரில் நிற்கிற ஹீரோயினே தெரியாத அளவுக்குக் கொடுத்தது. ஹீரோயின், கிளமெண்டின் அக்கா பெனிட்டா. நர்ஸ். நைட் டியூட்டி முடிந்து நேராக வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே காதலித்தாள். அவள் மாமனாரின் சக்கர நாற்காலிதான் டிராலி. கேமராவோடு கிளமெண்ட் அதில் உட்கார்ந்து உருளும்போது, மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து, "லேய், என் நாற்காலி எப்பம்லே வரும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பழைய முறைப்படி பாட்டை முதலிலேயே பதிவு பண்ணிவிட்டார்கள். ஸ்பீக்கரில் அது ஓடும், இவர்கள் வாயசைக்க வேண்டும்.

"ஆம்பளைக் குரலுக்கு ஆள் சிக்கல சார். பாட்டு முழுக்க ஹீரோயின்தான். நீங்க மரத்துக்குப் பின்னால நின்னு தலையாட்டணும்."

தலையாட்டுவது பத்ரிக்குப் புதிதில்லை.

"புகை நடுவில் உன் முகமே, பொழுது விடிந்தும் தேடுகிறேன்" என்று அந்தக் குரல் எழும்பியதும் பத்ரி தலையாட்ட மறந்துவிட்டார். என்ன குரல். தேன் என்று சொன்னால் பழசு. சூடான ஜிலேபி மாதிரி வளைந்து வளைந்து வந்தது.

"யாருப்பா இது?"

"பேரு வெளிய வரக்கூடாதுன்னு கண்டிஷன் சார்."

"அங்கிள், கையை இன்னும் மேல தூக்குங்க" என்றாள் பெனிட்டா, காதல் பார்வையோடு.

பாட்டைப் போனில் வாங்கிக்கொண்டார் பத்ரி. குளிக்கும்போது, பஸ்ஸில், ஃபைல் பார்க்கும்போது, எப்போதும் காதில் அதுதான்.

அங்கேதான் பயம் ஆரம்பித்தது. ஒரு நாள் சாயங்காலம் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே வைதேஹி முணுமுணுத்தாள். அதே மெட்டு. பத்ரி சமையலறைக்குள் தலையை நீட்டினார்.

"இது என்ன பாட்டு?"

"தெரியலையே. எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு. நீங்க கேட்டிருக்கேளா?"

"நானா? சேச்சே. நியூஸ் கேக்கல, நிறுத்து."

நிறுத்தினாள். சிரித்த மாதிரி இருந்தது. புளியைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா?

அடுத்த ஞாயிறு சாப்பாட்டு டப்பா இரண்டு மடங்கு கனத்தது. "ஆடிட்டுக்கு வர்றவாளும் சாப்பிடட்டும், பாவம். அந்தப் பெரியவருக்குக் காரம் கம்மியா வெச்சிருக்கேன்" என்றாள்.

"எந்தப் பெரியவர்?"

"ஆடிட்னா யாராவது பெரியவர் வரமாட்டாரா?"

பத்ரி தூங்குவதை விட்டார். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தால் ஏன் கத்தவில்லை? கடைசியில் ஒரே தீர்மானத்துக்கு வந்தார். படம் போடுகிற அன்றைக்கு இவள் வீட்டை விட்டு நகரவே கூடாது.

விழா நாள் வந்தது.

"வைதேஹி, சாயங்காலம் பிளம்பர் வருவான். நீ ஆத்துலயே இரு. எனக்கு ஆடிட் ரிப்போர்ட் சப்மிட் பண்ணணும்."

"அச்சா. கோட்டை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்."

"ரிப்போர்ட் குடுக்கறதுக்கு எதுக்குக் கோட்டு?"

"நீங்கதானே பீரோவிலேர்ந்து எடுத்து வெளில வெச்சேள்."

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

சங்கத்து ஹாலில் முன்வரிசை. பக்கத்து நாற்காலியில் யாரோ கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருந்தார்கள். விளக்கை அணைத்ததும் ஆள் வந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. பத்ரி திரும்பவில்லை. திரையில் ஹீரோ மரத்துக்குப் பின்னாலிருந்து தொப்பையோடு எட்டிப் பார்த்தார். ஜனம் சிரித்தது. அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது.

பாட்டு வந்தது. சிரிப்பு அடங்கியது. பத்ரியால் தாங்க முடியவில்லை. இருட்டில் பக்கத்து நாற்காலிப் பக்கம் சாய்ந்தார்.

"இந்தக் குரலைக் கேட்டேளா? வாழ்க்கை பூராக் கேட்டுண்டே இருக்கலாம் போலிருக்கு."

பக்கத்து நாற்காலியிலிருந்து மல்லிகைப்பூ வாசனை மட்டும் வந்தது.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. மேடையில் கிளமெண்ட் மைக்கைத் தட்டினான். "எல்லாரும் கேட்டீங்க, பாடினது யாருன்னு. இனிமே சொல்லலாம். மாமி, மேல வாங்க."

பக்கத்து நாற்காலி எழுந்தது. பட்டுப்புடவையின் முந்தானை பத்ரியின் மூக்கில் பட்டது.

"பிளம்பர்?" என்றார் பத்ரி. அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

"மத்தியானமே போன் பண்ணிக் கேட்டேன். நீங்க அவனைக் கூப்பிடவே இல்லையாமே" என்று சொல்லிவிட்டு வைதேஹி மேடையேறினாள். கைதட்டல் நிற்கவில்லை. பத்ரியும் தட்டினார். நிஜமாகவே தட்டினார், கை சிவக்கிற அளவுக்கு.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் இவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இத்தனை நாள் தெரியாமப் போச்சே, வைதேஹி."

"நியூஸ் சத்தத்துல கேட்டிருக்காது."

ஐ.என்.ஏ. மார்க்கெட் சிக்னலில் ஆட்டோ நின்றபோதுதான் பத்ரிக்குத் தைரியம் வந்தது. "கிளமெண்ட் அடுத்த படம் எடுக்கப் போறானாமே?"

"ஆமாம். பெனிட்டாவுக்கு லீவு கிடைக்காதாம். பாட்டும் நான்தான், ஹீரோயினும் நான்தான். ஹீரோவைத்தான் தேடிண்டிருக்கோம்."

பத்ரி கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். லேசாக இருமினார். "ஏன், நான் இல்லையா?"

வைதேஹி அவர் கையை அன்பாகத் தட்டிக்கொடுத்தாள்.

"ஷூட்டிங் ஞாயித்துக்கிழமையாச்சே. உங்களுக்குத்தான் ஆடிட் இருக்கே."