கழுதைகள் இருந்தவரை ஓடிய கார்

ஒரு தகவலை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் செய்தியாக எழுதக்கூடாது என்று எத்தனையோ புது நிருபர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு வயரை ஒரே ஒரு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, என் சொந்தக் கலியாணத்தையே கொண்டுபோய் அதில் கட்டிவிட்டவன் நான்.

அப்போது நான் மன்னாரில் பிராந்திய நிருபர். டெல்சிக்கும் எனக்கும் பேச்சு முற்றாகியிருந்தது. அவளுடைய ஊர் இலுப்பைக்கடவை. கத்தோலிக்கருக்குக் கலியாணத்துக்கு முன்னால் பெண்ணின் பங்குச் சுவாமியான பாதிரியாரிடம் போய், ஓலை என்கிற கலியாண அறிவித்தல் எழுதவேண்டும். அந்த ஓலையை மூன்று ஞாயிறு கோவிலில் வாசிப்பார்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு சனிக்கிழமை, மாலை நான்கு மணி. நான்கரைக்குச் சுவாமி வேறு கோவிலில் பூசை வைக்கப் போய்விடுவார். அதைத் தவறவிட்டால் ஒரு ஞாயிறு பிந்தும், பிறகு ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் தொடங்கிவிடும். தபசுகாலத்தில் கலியாணம் இல்லை.

வாடகை வான் பிடித்திருக்கலாம். ஆனால் நான் டெல்சிக்குத் தொலைபேசியில், அப்பாவின் காரை என் கையாலேயே திருத்திக்கொண்டு வருவேன் என்று சொல்லிவிட்டேன். (சொல்லும்போது அது நல்ல வசனமாகத்தான் இருந்தது.)

அப்பாவின் கார் என்னைவிட இருபது வயது மூத்தது, இங்கிலாந்தில் செய்தது. இஞ்சினோடு ஒட்டியிருந்த பெற்றோல் பம்பின் இறப்பர் கிழிந்து ஆறு மாதமாக அது முற்றத்தில் கிடந்தது. கிழிந்ததற்கு மாற்று இல்லை, கரண்டில் ஓடும் பம்ப் ஒன்றைப் பூட்டுங்கள் என்றார் கடைக்காரர். கூடவே மூன்று விஷயம் சொன்னார். இது தூர இருந்து உறிஞ்சாது, கிட்ட இருந்து தள்ளும், அதனால் பின்னால் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் பூட்டவேண்டும். சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் வயரில் கொடுக்கவேண்டும். கார்பரேற்றர் நிறைந்ததும் பம்பின் சத்தம் தானாக நின்றுவிடும். மெக்கானிக் ஒருவரை அனுப்பவா என்றும் கேட்டார். நான் அவரைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

காரின் பின் சில்லுகளை இரண்டு பனங்குற்றிகளில் ஏற்றினேன். ஹாண்ட் பிரேக் அந்தக் காரில் ஒரு அலங்காரப் பொருள். ஆகவே அக்காவைக் கூப்பிட்டுச் சாரதி ஆசனத்தில் இருத்தி, பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

"காலை எடுத்தியெண்டால் உனக்குத் தம்பி இல்லை."

அக்கா சொன்னதைச் செய்கிறவள். பம்பைப் பூட்டி முடித்து, டிக்கிக்குள் போகும் வயர்க்கட்டைப் பிரித்து, ஊசி வைத்த சின்ன பல்ப்பால் ஒவ்வொரு வயராகக் குத்தினேன். ஒரு பச்சை வயரில் பல்ப் எரிந்தது. அதில் ஊதாக் கோடு ஒன்று ஓடியது. சாவியை நிற்பாட்டச் சொன்னேன், அணைந்தது. போடச் சொன்னேன், எரிந்தது. மூன்று தடவை பார்த்தேன். குறிப்புப் புத்தகத்தில் நேரத்தோடு எழுதிவைத்தேன்: "பச்சை, ஊதாக் கோடு. சாவியோடு வரும். உறுதி."

இணைத்தேன். பம்ப் 'டக் டக் டக்' என்றது. வேலை முடிந்தது, காலை எடு என்றேன். அக்கா எடுத்தாள். சத்தம் நின்றது. நிறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

காரை ஓடிப் பார்க்காமல் விடவில்லை. பஸ் நிலையம், கோட்டைப் பக்கம், திரும்பவும் பஸ் நிலையம் என்று அரை மணித்தியாலம் ஓடினேன். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகள் ஹோர்ண் அடித்தால் விலகுவதில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்துப் பிடித்து ஓடினேன். கார் ஒரு தடவைகூட இருமவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு நானும் அக்காவும் புறப்பட்டோம். அப்பாவும் அம்மாவும் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டார்கள். (அப்பாவுக்குக் காரையும் தெரியும், என்னையும் தெரியும்.)

நகரம் முடிந்து பாலத்தடிக்கு வந்து, இரண்டு பக்கமும் கடல் தெரியும் நீட்டு ரோட்டில் ஏறியதும் கார் ஒரு விக்கல் விக்கி நின்றது. பிரேக் பிடித்து ஓரங்கட்டினேன். திரும்ப முறுக்கினால் உடனே இயங்கியது. ஒரு கிலோமீற்றர் போனதும் மறுபடி நின்றது. மறுபடி முறுக்கினேன், இயங்கியது.

தள்ளாடி என்ற இடத்துச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்தார். நிற்பாட்டி, இயக்கிக் காட்டினேன். புதுக் கார் மாதிரி இயங்கியது. முந்நூறு மீற்றர் தாண்டும்வரை அவர் கையசைத்ததாக அக்கா சொன்னாள். அதற்கும் சற்றுத் தள்ளி நின்றது.

பயத்தைவிட எனக்கு அப்போது ஆர்வம்தான் கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நின்ற நேரமும் இடமும் எழுதத் தொடங்கினேன். எதிரில் அடித்த வாடைக்காற்றைச் சந்தேகித்தேன். தாங்கியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பம்புக்கு ஈரத்துணி சுற்றினேன். எதுவும் பலிக்கவில்லை. ஆனால் இடையில் ஒரு மாட்டுப் பட்டி ரோட்டை நிறைத்துக்கொண்டு போனது. அதற்குப் பின்னால் இரண்டு கிலோமீற்றர் ஊர்ந்தோம். அந்த இரண்டு கிலோமீற்றரிலும் கார் நிற்கவில்லை. மாடுகள் இறங்கி ரோட்டு வெளித்ததும் நின்றது.

"மாட்டைக் கண்டால் ஓடுது, நல்ல ரோட்டைக் கண்டால் நிக்குது," என்றாள் அக்கா. அதையும் எழுதினேன்.

மூன்றரைக்கு டெல்சி தொலைபேசி எடுத்தாள்.

"எங்க நிக்கிறியள்?"

"பாப்பாமோட்டை."

"அரை மணித்தியாலத்துக்கு முதலும் பாப்பாமோட்டை எண்டுதானே சொன்னனீங்கள்?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. சுவாமி வந்து இருக்கிறார், ஓலை எழுதும் கந்தோர் கதவைத் திறந்துவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

எங்களுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்துகொண்டிருந்தார். விடத்தல்தீவு றஹீம் நானா. இலுப்பைக்கடவைக்கு மீன் எடுக்கப் போகிறவர். நாங்கள் நிற்கும்போதெல்லாம் அவரும் நின்றார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது தடவை இறங்கி வந்தார்.

"தம்பி, கோவிக்கக் கூடாது. நான் பின்னால வாறன், பாத்துக்கொண்டு வாறன். நீங்கள் பிரேக் பிடிச்சு சிவப்பு லைற் எரியேக்க மட்டும் உங்கட டிக்கிக்குள்ள டக் டக் எண்டு சத்தம் கேக்குது. லைற் நூந்தால் சத்தமும் இல்லை. அது அப்பிடித்தானோ?"

உள்ளே ஏறிச் சாவியைப் போட்டுப் பிரேக்கை மிதித்தேன். டக் டக் டக். காலை எடுத்தேன். அமைதி. மெதுவாக அக்காவின் பக்கம் திரும்பினேன்.

"அண்டைக்கு நான் வயர் குத்தேக்க, நீ முழு நேரமும் பிரேக்கிலயோ கால் வச்சிருந்தனீ?"

"ஓம். நீதானே எடுக்காத எண்டு சொன்னனீ."

அந்தப் பச்சை வயர் பிரேக் லைற்றுக்குப் போகிற வயர். பிரேக் பிடித்தால் மட்டும் பெற்றோல் குடிக்கிற ஒரு காரை, உலகத்திலேயே முதன்முதலாக, நான் செய்திருந்தேன். மன்னார் நகரத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை, கழுதைகள் இருந்தன.

வயரை மாற்ற நேரமில்லை. நான்காக ஐந்து நிமிடம் இருந்தது. றஹீம் நானா முன்னால் போய்ச் சுவாமியிடம் சொல்வதாகப் புறப்பட்டார். நான் ஓடிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு தடவை பிரேக்கை மிதித்தேன். அக்கா மணிக்கூட்டைப் பார்த்து, "இப்ப," "இப்ப" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு "இப்ப"வுக்கும் காரும் நாங்களும் குனிந்து நிமிர்ந்தோம். விடத்தல்தீவில் ரோட்டோரம் நின்ற இரண்டு பேர், நாங்கள் வணக்கம் சொல்கிறோம் என்று எண்ணித் தாங்களும் தலை குனிந்தார்கள்.

கோவில் வாசலில் நாங்கள் குனிந்து குனிந்து நுழைந்தபோது நான்கு இருபத்தெட்டு. சுவாமி ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இருந்தார். அதை நிற்பாட்டிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கந்தோருக்குள் வந்தார். டெல்சி கதிரையில் இருந்தபடி என் கையையே பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன்; முழங்கை வரை கறுப்பு. கழுவ நேரமில்லை, அப்படியே ஒப்பம் வைத்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் பெருவிரலின் கறுப்புத் தடம் அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் இருக்கிறது. முதல் ஓலை மறுநாள் வாசிக்கப்பட்டது.

(வயரை அப்பா மாற்றினார். ஐந்து நிமிடம் எடுத்தது.)

அன்றிலிருந்து நான் வீட்டில் எதையாவது திருத்திவிட்டேன் என்று அறிவித்தால், டெல்சி வந்து பார்க்கமாட்டாள். இருந்த இடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்பாள். போன மாதமும் அப்படித்தான். அக்கா வந்து நின்ற நேரம், பழுதாகிக் கிடந்த மேசை விசிறியைத் திருத்தினேன். சுழன்றது. அறிவித்தேன்.

"ஆரின்ர கால் எதில இருக்குது எண்டு முதல்ல பாருங்கோ," என்றாள் டெல்சி குசினிக்குள் இருந்து.

பார்த்தேன். சுவரோரம் அக்கா குந்தியிருந்து, ஆடிக்கொண்டிருந்த பிளக்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"நீதானே விடாத எண்டு சொன்னனீ."