இடுப்பில் லினக்ஸ் கட்டியவர்

ஜூன் 11, செவ்வாய்க்கிழமை. காலை 5.40க்கு எழுந்தேன். செடிகளுக்கு இரண்டு குடம் தண்ணீர், ஒரு டம்ளர் காபி, ஏழு மணிக்குக் குளியல். 8.50க்கு நகரி கடைத்தெருவில் என் சேலை டிசைன் கடையைத் திறந்தேன். 9.05க்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அது எழுந்திருக்கவில்லை. நாட்குறிப்பில் அந்தப் பக்கத்தின் மீதி முழுவதையும் ஒரே ஒரு மனிதர் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் எத்தனை ஆயிரம் இடுப்புகள் இருந்தாலும், செத்த கம்ப்யூட்டரை எழுப்பும் இடுப்பு ஒன்றே ஒன்றுதான். அது அர்ணாக்கயிறு மாஸ்டருடையது.

டெலிபோன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருப்பதியில் இருப்பவர். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற மென்பொருளை ஏற்றிய பென்டிரைவை அரைஞாண் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பார். சட்டைப்பையில் வைத்தால் குனியும்போது விழுந்துவிடுமாம். ‘கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது’ என்று யாராவது வாயெடுத்தால் போதும், சுவர்ப்பக்கம் திரும்பிச் சட்டையைத் தூக்கிவிடுவார். புத்தூரில் ஒரு கல்யாணத்தில் படம் காட்டும் லேப்டாப் நின்றுபோனது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த அதே நேரத்தில் இவர் மேடையோரம் தன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். புரோகிதர் மந்திரத்தையே நிறுத்திவிட்டார்.

காசு வாங்க மாட்டார். ஒரே நிபந்தனைதான்: லினக்ஸ் வாங்கிக்கொண்டவர் அதை நகலெடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். ரேணிகுண்டா பஸ் கண்டக்டருக்குக்கூட ஒன்று கொடுத்தார். தன்னிடம் கம்ப்யூட்டரே இல்லை என்றார் கண்டக்டர். உன் பஸ்ஸில் ஏறுகிற ஐம்பது பேரில் ஒருத்தனிடம் இருக்கும் என்று டிக்கெட் பைக்குள் போட்டுவிட்டு இறங்கினார் மாஸ்டர்.

எனக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்பு கொடுத்தார். அன்றைய குறிப்பு: ‘பென்டிரைவ் ஒன்று. பச்சை. உபயோகம் இல்லை.’ ஒன்பது நாள் கழித்து இன்னொரு குறிப்பு: ‘பச்சைப் பென்டிரைவை அழித்துப் பழைய பாட்டு ஏற்றினேன்.’

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். எழுந்திருக்காத கம்ப்யூட்டருக்குள் பதினோரு வருஷத்து பார்டர்களும் முந்தானைகளும் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. தேதிவாரியாக அடுக்கி வைப்பதில் இருந்த கவனம் எனக்கு நகல் எடுப்பதில் இல்லை. எதிரே தறிக்காரர் முனுசாமி உட்கார்ந்திருந்தார். ஏர்பேட்டில் ஒரு கல்யாணத்துக்குப் பன்னிரண்டு சேலை. பாவு நூல் ஓட்டித் தயாராக நான்கு தறிகள். முந்தானை டிசைன் மாலைக்குள் புத்தூரில், அதைத் தறிக்கான அட்டையில் துளைகளாகக் குத்தும் கடைக்குப் போகாவிட்டால் ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும்.

சித்தூரில் ஒரு மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றார். முனுசாமி முகம் வெளுத்தது. வேறு வழியில்லாமல் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

12.20 பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“நைனா, ஒனக்கு ஒண்ணு குடுத்தேனே, எங்க அது?”

மேசை இழுப்பறையைத் திறந்து பச்சைப் பென்டிரைவை நீட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்லித் தொலைத்தேன்.

“பாட்டா?” என்றார். “அப்ப அத்தயே பாடச் சொல்லி மிஷின எழுப்பு.”

முனுசாமி சிரிக்கவில்லை. மாஸ்டர் பெருமூச்சு விட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினார். சட்டை மேலே போனது. ஒரு நிமிஷம் ஆனது, மூன்று நிமிஷம் ஆனது. ஜூன் வெயிலும் பஸ் வேர்வையும் சேர்ந்து முடிச்சை இறுக்கிவிட்டிருந்தன. நான் கத்தரிக்கோல் எடுத்தேன்.

“அறுக்காத. மச்சினன் கட்டிவுட்ட கயிறு” என்றார் மாஸ்டர்.

முனுசாமி எழுந்தார். “தள்ளிக்கண்ணா. முடிச்சு எங்க வேல.” முப்பது வருஷமாக அறுந்த இழையை முடிபோட்டுப் பழகிய விரல்கள் அவருடையவை. மாஸ்டரின் இடுப்பருகே மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினார். முடிச்சு பூ மாதிரி விட்டுக்கொடுத்தது.

பென்டிரைவைச் சொருகிவிட்டு ஏதோ ஒரு பொத்தானை மாஸ்டர் நாலைந்து முறை தட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழை மாதிரி ஓடின.

“ஏமீ காது, ஒண்ணும் ஆவாது, பயப்படாத” என்றார். “நான் உன் மிஷின் ஊட்டுக்குள்ளயே போவல. லினக்ஸு இந்தப் பென்டிரைவ்லயே ஓடிக்கினு கீது. ஊட்டுக்கு வெளிய நின்னு ஜன்னல் வழியா சாமான எடுத்துக்கப் போறோம், அவ்ளோதான்.”

இது யார் செய்தது என்று முனுசாமி கேட்டார். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து எழுதியது என்றும், உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றும் மாஸ்டர் விளக்கினார்.

“அப்ப மொதலாளி யாரு?”

“மொதலாளியே கெடையாது.”

“மொதலாளி இல்லாதயா இவ்ளோ ஒழுங்கா ஓடுது?” முனுசாமியால் நம்பவே முடியவில்லை.

அதற்குள் திரை வெளுத்தது. மாஸ்டர் திரையில் தெரிந்த ஒரு பெட்டியைத் திறந்தார், அதற்குள் இன்னொன்று. பதினோரு வருஷங்களும் வரிசையாக வந்து நின்றன. மாங்காய், அன்னம், ருத்ராட்சம், கடைசியில் அந்த ஏர்பேட்டு முந்தானை. நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன். முனுசாமி என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். மணி 1.07. ஏன் எழுதி வைத்தேன் என்று தெரியவில்லை, கை தானாக எழுதியது.

டிசைன்களை ஏற்றப் பச்சைப் பென்டிரைவில் இடம் வேண்டியிருந்தது. என் கையாலேயே பாட்டுகளை அழிக்க வைத்தார் மாஸ்டர். ஒவ்வொரு பாட்டாக.

1.50 பஸ்ஸில் முனுசாமி பச்சைப் பென்டிரைவோடு புத்தூருக்குப் பறந்தார். போகும் முன்பு, படிக்கிற பெண்ணுக்கு அந்த லினக்ஸ் ஒன்று வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் தன் பென்டிரைவை என் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டார். அதை நகலெடுக்கும் விதத்தை நான் நோட்டில் எழுதி இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகுதான் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். வழியெல்லாம் அவர் கை இடுப்பைத் தொட்டுத் தொட்டு, ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் எதிர்க் கடையில் புதிதாக இரண்டு பென்டிரைவ் வாங்கி நகலெடுத்தேன். ஒன்று முனுசாமி பெண்ணுக்கு, ஒன்று எனக்கு.

மறுநாள் காலை 5.40க்கு எழுந்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை, காபி குடிக்கவில்லை. முதல் வேலையாக ஒரு கறுப்புக் கயிற்றில் மாஸ்டரின் பென்டிரைவைக் கோத்து, அவரிடம் சேரும்வரை வழியில் தொலைந்துவிடாதபடி என் இடுப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு திருப்பதி பஸ்ஸைப் பிடித்தேன்.