அத்தானின் மூக்கு மச்சம்

அன்புள்ள அக்காவுக்கு,

அச்சகத்திலிருந்து உன் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. மகள் வீட்டில் நீ நலமாயிருப்பாய். இங்கே அத்தானும் நலம். எந்த அத்தான் என்பதில்தான் குழப்பம்.

அத்தானின் தேர்தல் போஸ்டரைப் பார்த்து "யாரு இந்தப் பையன்?" என்று நீ சிரித்ததும், "ஊரே ரசிக்குது, உனக்குத்தான் கண்ணு தெரியல" என்று அத்தான் சீறியதும், "அப்ப அந்தப் பையனையே சமைச்சுப் போடச் சொல்லுங்க" என்று நீ பெட்டியைத் தூக்கியதும் மறந்திருக்காது. குற்றம் என்னுடையதுதான் அக்கா. கம்ப்யூட்டரில் நான் படத்தைத் திருத்தும்போது அத்தான் என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு "தொப்பையை உள்ள தள்ளுடா" என்றார், தள்ளினேன். "முடி?" என்றார், வைத்தேன். "மூக்குல அந்த மச்சம் எதுக்குடா, ஈ உக்காந்த மாதிரி" என்றார், அதையும் எடுத்தேன். கடைசியில் போஸ்டரில் இருந்தவர் உனக்கு மகன், எனக்கு மருமகன்.

நேற்று மாலை பொதுக்கூட்டம். தொண்டர்களும் கூட்டத்தில் பாதிப் பேரும் கட்சி வெளியூரிலிருந்து அனுப்பிய ஆட்கள். அத்தான் மேடையேறப் போனால், "பெரியவரே, தலைவர் வர்ற நேரம், ஓரமா நில்லுங்க" என்று மறித்துவிட்டார்கள். போஸ்டரைக் காட்டி "அந்தத் தலைவரே நான்தாம்பா" என்றார். "அவரோட அப்பாவா? சாயல் இருக்கு" என்றான் ஒருவன். கோபம் வந்திருக்கும் என்றுதானே நினைக்கிறாய்? மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை! கூட்டத்தோடு நின்று, தலைவர் எப்போது வருவார் என்று தானும் எட்டி எட்டிப் பார்க்கிறார். அரை மணி நேரத்தில் ஜனம் கலைய ஆரம்பித்தது. நான் ஓடிப்போய் "இவர்தான் அவர்" என்றால் எவன் நம்பினான்? நல்லவேளை, மூன்றாம் தெரு தையல்கார அம்மா வந்தார். "அடப்பாவிகளா, எங்க தெரு சாக்கடை அடைச்சப்ப இடுப்பளவு தண்ணியில இறங்கினவரு இவரு! அந்த மச்சத்தை எனக்குத் தெரியாதா?" என்று தொண்டர்களைத் தள்ளிவிட்டு அத்தானை மேடையேற்றினார். மைக்கைப் பிடித்தவர் அழுதேவிட்டார்.

இறங்கி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "உங்க அக்கா இருந்திருந்தா மேடைப் படியிலேயே அடையாளம் சொல்லியிருப்பாடா. சிரிச்சிருப்பா, ஆனா சொல்லியிருப்பா."

பழைய போஸ்டரையெல்லாம் கிழித்தாயிற்று. புதியதில் வழுக்கை, தொப்பை, மச்சம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அத்தான் அடியோடு திருந்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. நீ வராமல் வாக்குச்சாவடிக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார். உடனே கிளம்பி வா.

மருமகளுக்கும் குழந்தைக்கும் இந்த மாமாவின் ஆசிகள்.

உன் பிரியமுள்ள தம்பி

பி.கு.: புதிய போஸ்டர் ஒன்றைக் கடிதத்தோடு மடித்து வைத்தேன். அத்தான் பிடுங்கிக்கொண்டார். "ஊருக்கு இது போதும்டா. அவளுக்கு அனுப்புறதுல மட்டும் கொஞ்சம் முடி வச்சுடு." வைத்து அனுப்பியிருக்கிறேன். வந்து நேரிலேயே சிரித்துக்கொள்.